செவிடன் ஊதிய சங்கு

நீ பிறந்து முப்பது மணி நேரம்.
க்ளைபெடா துறைமுக ஆஸ்பத்திரி, மூன்றாம் மாடி.
தாதி உன் காதுக்குள் ஒரு ரப்பர் குமிழை வைத்தாள்.
சுவரில் உட்செவியின் படம்:
சுருண்டு கிடந்தது ஒரு சின்னச் சங்கு.
நல்ல காது, உள்ளே வந்த ஒலிக்குப் பதிலாகத்
தானும் ஓர் ஒலியைத் திருப்பி அனுப்புமாம்.
காகிதத்தில் எழுதிக் காட்டினாள்.
பச்சை விளக்கு. இன்னொரு பச்சை.
கட்டைவிரலை உயர்த்தினாள்.

நானும் ரிமந்தேயும் ஒருவரையொருவர் பார்த்தோம்.
"வெளிநாட்டுக்காரி பிறந்திருக்கிறாள்"
என்றன அவள் விரல்கள்.
சிரித்தோம்.
சிரிப்பு முடிந்த பிறகும் அவள் கைகள்
மடிக்கு இறங்காமல் அப்படியே நின்றன.

காது கேட்கும் மைத்துனி
உதட்டை அகல அகலத் திறந்து சொன்னாள்:
வீட்டில் பேச்சு வேண்டும்,
இல்லாவிட்டால் பிள்ளை வாடிப்போகும்.
ஒரு ரேடியோ வாங்கித் தந்தாள்.
தொட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தோம்.
தொட்டால் அதிர்ந்தது;
பேசுகிறது என்று நம்பினோம்.
நீ அழுதால் மின்னும் பல்பு மின்னியது.
பால் கொடுத்தோம், துணி மாற்றினோம்,
மின்னிக்கொண்டேயிருந்தது.
மூன்றாம் நாள் கீழ்வீட்டு ப்ரோனியுஸ் ஏறி வந்து
ரேடியோவை அணைத்துவிட்டு
மின்கட்டண ரசீதின் பின்பக்கம் எழுதினார்:
"நிலையம் நகர்ந்துவிட்டது.
மூன்று நாளாக வெறும் இரைச்சல்."

இரைச்சல்.
அந்தச் சொல்லை எனக்குத் தெரியும்.
விடுதிப் பள்ளியில், ஏழு வயதில்,
ஆசிரியையின் தொண்டையில் ஒரு கை
என் தொண்டையில் ஒரு கை
வைத்து "ஆ" கற்றேன், "ம்" கற்றேன்.
ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் அம்மாவைக் கூப்பிட்டேன்.
முன்சீட்டுத் தலைகள் எல்லாம் திரும்பின.
ஒரு பையன் காதைப் பொத்திக்கொண்டான்.
அம்மா ஜன்னலைப் பார்த்தாள்.
அன்று மூடிய வாய்.
இருபத்தாறு வருஷம்
கப்பல்களுக்குச் சாயம் அடித்தேன்,
காதலித்தேன், சண்டை போட்டேன்,
எல்லாம் கையால்.

ஜனவரியில் ஓர் இரவு, மணி மூன்று இருபது.
ரிமந்தேக்குக் காய்ச்சல்.
ஜன்னல் விளிம்பில் பனிக்கட்டி.
நீ என் நெஞ்சில்;
உன் அழுகை என் விலா எலும்பைத் தட்டிக்கொண்டிருந்தது.
இரண்டு கைகளும் உன்னைப் பிடித்திருந்தன.
சமாதானம் சொல்ல
மூன்றாவது கை இல்லை எனக்கு.

அப்போதுதான் எலும்புக்கு அடியில்
எதுவோ நகர்ந்தது.
"ம்"தான் என்று நினைக்கிறேன்.
துருப்பிடித்ததா, கோணலா,
ஒரு பஸ்ஸையே திரும்ப வைத்த அதேதானா,
தெரியாது.

தட்டல் நின்றது.
பயந்து நானும் நிறுத்தினேன்.
நீ தலையைத் தள்ளாடித் தூக்கி,
பால் தேடுகிறவள்போல் என் தாடையில் அலைந்து,
வாயைக் கண்டுபிடித்து
அங்கேயே நின்றாய்.
திருத்துவதற்காக அல்லாமல்
என் வாயை அப்படி யாரும் பார்த்ததில்லை, வைவா.

செவிடன் காதில் ஊதிய சங்கு என்பார்கள்,
வீணாய்ப் போனதை.
செவிடனே ஊதினால் என்னவென்று
எந்தப் பழமொழியும் சொல்லவில்லை.
விடியும்வரை ஊதினேன்.

இப்போது மார்ச்.
பகலில் எங்கள் கைகளைப் படிக்கிறாய்;
'பால்' என்று விரல் மடக்கினால் வாய் திறக்கிறாய்.
இரவில் உன் மார்பின் மேல் என் உள்ளங்கை.
ஒரு நடுக்கம்.
நிற்கிறது.
என்னுடையதின் அதே நீளத்தில்
இன்னொன்று.

ப்ரோனியுஸ் மறுபடி ஏறி வந்தார்.
மறுபடி ஒரு ரசீது:
"மேலேயிருந்து கேட்பது
உங்கள் இருவரில் யார் என்று
இப்போதெல்லாம் பிடிபடவில்லை."

புகாரா என்று கேட்கவில்லை.
குளிர்பெட்டிக் கதவில் ஒட்டிவைத்திருக்கிறேன்,
கட்டண விவரம்
உள்பக்கமாக இருக்கும்படி.